மீன் தொட்டியில் பாசி மண்டுகிறதா? கல்லை மட்டும் வேக வைக்காதீர்கள்!

முன்பெல்லாம் வீட்டில் மீன் தொட்டி என்றால் நாலு தங்க மீன், காற்றுக் குமிழி விடும் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் உப்புத் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன், நீல விளக்கு, கல்லில் ஒட்டி வளரும் பவள உயிர்கள். ‘ரீஃப் டேங்க்’ என்கிறார்கள். ஒரு குட்டிக் கடலையே ஹாலில் கொண்டுவந்து வைத்த மாதிரி!

முதல் சில மாதங்கள் எல்லாம் அழகுதான். அப்புறம் ஒரு நாள் கல்லின் மேல் பச்சையாக ஏதோ முளைக்கும். “அடடா, செடி முளைச்சிருக்கே!” என்று குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள். அடுத்த மாதம் பார்த்தால் தொட்டி முழுக்கப் பாசிக் காடு. பவளம் இருந்த இடமே தெரியாது.

அப்போது என்னிடம் வரும் கேள்வி இதுதான்: “டாக்டர், கல்லை வெளியே எடுத்து வெந்நீர்ல போட்டுத் தேய்ச்சுடலாமா?”

‘சித்த வைத்தியரிடம் போய் இதைக் கேட்பார்களா?’ என்று நீங்கள் நினைக்கலாம். வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் வீட்டு விஷயம் எல்லாமும்தான் பேசுவார்கள். இந்தக் கேள்விக்கு என் பதில் ஒன்றே ஒன்று: கூடவே கூடாது. தொட்டியில் பாசி மண்டுவது மீனுக்கும் பவளத்துக்கும் வந்த பிரச்னை. அதை விரட்டுகிறேன் என்று நாம் அவசரப்பட்டுச் செய்யும் காரியம், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பிரச்னை ஆகிவிடலாம். அதனால் முதலில் ஆபத்தைச் சொல்லிவிட்டு, பிறகு பாசிக்கு வருகிறேன்.

வெந்நீரில் கிளம்பும் விஷம்

கடைகளில் ‘பட்டன் பாலிப்’, ‘ஸோவா’ என்ற பெயர்களில் ஒரு வகைப் பவள உயிர் விற்கிறார்கள். சட்டைப் பித்தான் அளவில், வட்டமாக, ஓரத்தில் குஞ்சம் வைத்தது போல அழகாக இருக்கும். விலையும் கட்டுப்படியாகும் என்பதால் ஆரம்பத்தில் பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள்.

இந்த இனத்தில் சிலவற்றில், குறிப்பாக ‘பாலிதோவா’ என்ற வகையில், ‘பாலிடாக்ஸின்’ என்ற கடுமையான விஷம் உண்டு. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் இதுவும் ஒன்று. தொட்டியில் தண்ணீருக்குள் இருக்கிற வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கல்லை வெளியே எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடும்போதோ, வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்க்கும்போதோதான் ஆபத்து. விஷம் ஆவியோடும் நுண்ணிய திவலையோடும் காற்றில் கிளம்புகிறது. கொதிக்க வைத்தால் விஷம் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கொதிநிலைக்கு அது அசைந்து கொடுக்காது.

அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உடம்பு வலி, வாயில் ஒரு கசப்பு அல்லது உலோகச் சுவை எல்லாம் வரும். சமையலறையில் ஒருவர் கல்லை வேக வைக்க, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் பாதிக்கப்படலாம். இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டு, வீட்டுத் தொட்டியில் இருந்த பவளத்தின் விஷத்தால் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே பாதிக்கப்படலாம்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆங்கில மருத்துவத்திலும் இல்லை, எங்கள் சித்த மருத்துவத்திலும் இல்லை. அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சைதான். எனவே தொட்டியைக் கழுவிய பிறகு யாருக்காவது இப்படி வந்தால், கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். எல்லோரும் உடனே வீட்டை விட்டு வெளியே வாருங்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய், “வீட்டில் பவளத் தொட்டி இருக்கிறது, இன்றைக்குக் கல்லைக் கழுவினோம்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரில் விடாமல் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

பாசி ஏன் மண்டுகிறது?

சரி, பாசிக்கு வருவோம். கடலில் பவளப்பாறையும் பாசியும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஏன் பாசி எல்லாவற்றையும் மூடிவிடுவதில்லை?

இரண்டு காரணம். ஒன்று, பவளப்பாறை இருக்கும் கடல் தண்ணீரில் உரச்சத்து மிகக் குறைவு. வயலுக்கு யூரியா போடுகிறோமே, அந்த நைட்ரஜன் சத்தும், பாஸ்பேட் சத்தும் அங்கே பட்டினிக் கணக்கில்தான் கிடைக்கும். இரண்டாவது, முளைத்ததை உடனுக்குடன் மேய்ந்து தீர்க்கப் பெரிய கூட்டமே காத்திருக்கிறது. மீன்கள், நத்தைகள், கடல் முள்ளெலிகள்!

இந்தத் தடை தளர்ந்தால் கடலிலேயே என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா தீவு சாட்சி. அங்கே பாசி மேயும் மீன்களைப் பல ஆண்டுகளாக அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள். முள்ளெலிகள்தான் மிச்சம் இருந்தன. 1983-84-ல் கரீபியன் கடல் முழுவதும் ஒரு கொள்ளைநோய் வந்து, நீண்ட கறுப்பு முள் கொண்ட அந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்துப்போயின. விளைவு? 1970-களின் இறுதியில் ஜமைக்காவின் பாறைகளில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் 3 சதவீதம்தான். அதே காலத்தில் பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாகப் பரவியது. புயல்களும் சேர்ந்து அடித்தன என்பது வாஸ்தவம். ஆனால் அடிபட்ட பவளம் மீண்டும் தலைதூக்க முடியாதபடி இடத்தைப் பிடித்துக்கொண்டது பாசிதான்.

கடலிலேயே இந்தக் கதி என்றால், 200 லிட்டர் தண்ணீர் என்ன செய்யும்? நம் தொட்டியில் உரம் ஜாஸ்தி, மேய்கிறவர் குறைவு. பாசி மண்டாவிட்டால்தான் ஆச்சரியம்.

எங்கள் வைத்தியத்தில் உடம்பில் கட்டி வந்தால் கட்டியை மட்டும் பார்ப்பதில்லை. என்ன சாப்பிடுகிறார், ஜீரணம் எப்படி, மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்போம். தொட்டிக்கும் அதே மூன்று கேள்விதான். உள்ளே என்ன போகிறது? வெளியே என்ன போகிறது? நடுவில் அதைத் தின்று தீர்க்க யார் இருக்கிறார்கள்? பாசி என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி. எத்தனை முறை பறித்தாலும் காரணம் அப்படியே இருந்தால் மறுபடியும் வரும்.

இதில் ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. “டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் டாக்டர், நைட்ரேட் சைபர், பாஸ்பேட் சைபர். அப்புறம் எப்படிப் பாசி வருது?” என்பார்கள். தண்ணீரில் கரைகிற சத்தைப் பாசியே உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் தண்ணீரில் மிச்சம் தெரிவதில்லை. சத்து பாசியின் உடம்பில் இருக்கிறது! எனவே டெஸ்ட் கிட் காட்டும் எண்ணோடு, பாசி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் தொட்டியில் இருப்பது எது?

எல்லாப் பாசியும் ஒன்றல்ல. நம் ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்களைக் கேட்டால் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவார்கள். தொட்டியில் வழக்கமாக வருபவை இவை:

முடிப் பாசி: தலைமுடி போலப் பச்சையாகக் கல்லில் தொங்கும். கையால் பிடுங்கினால் கொத்தாக வரும். மேய்கிறவை விரும்பித் தின்னும். இருப்பதில் சாது இதுதான்.

பிரையாப்சிஸ்: பறவை இறகு மாதிரி, நடுத்தண்டின் இரண்டு பக்கமும் மெல்லிய கிளை இருக்கும். பெரும்பாலான மீன்கள் இதைத் தொடுவதில்லை. கல்லின் துவாரங்களுக்குள் ஒட்டிக்கொண்டு, பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும்.

குமிழ்ப் பாசி: வலோனியா என்று பெயர். பச்சை முத்து மாதிரி பளபளவென்று உருண்டையாக இருக்கும். தொட்டிக்குள்ளேயே நசுக்கி உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது சிதறிப் புதிதாக முளைக்கும். அடியில் நெம்பி முழுசாக எடுத்து, கூடவே குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

காலர்ப்பா: திராட்சைக் கொத்து போலவோ, பெரணி இலை போலவோ இருக்கும். அருகம்புல் மாதிரி ஓடிக் கல்லில் வேர் பிடிக்கும். ஒரு துண்டு அறுந்து விழுந்தாலும் அங்கே புதுச் செடி. சில சமயம் ஒரே இரவில் வெளுத்துப்போய், தன் உடம்பில் இருந்ததையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிடும். தண்ணீர் பால் மாதிரி கலங்கும், பிராணவாயு குறையும், மீன்கள் தவிக்கும்.

கீட்டோமார்ஃபா: பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் சிக்கலாகக் கிடப்பது போல இருக்கும். கல்லில் வேர் பிடிக்காது. இது எதிரி அல்ல, நண்பன். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் சிகிச்சை: பத்தியம்

உரம் தொட்டிக்குள் வரும் முதல் வழி தண்ணீர். நகரத்துக் கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் கழிவுநீர்க் கசிவால் நைட்ரேட் கலந்திருப்பது சகஜம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது; தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். எனவே ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து, அதற்கு மேல் ‘டி.ஐ.’ என்ற ரெசின் வழியாகவும் வந்த தண்ணீர்தான் வேண்டும். நம் வீட்டுக் குடிதண்ணீர் ஆர்.ஓ. இயந்திரம் போதாதா என்றால், போதாது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பல இயந்திரங்களில் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். மலிவான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் தயாரிக்கும்போது அது சைபருக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

உப்பும் அப்படித்தான். சமையல் உப்பில் கடல் தண்ணீர் ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த தொட்டி உப்புக் கலவைதான் தேவை. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும்போது உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். வெறும் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும்.

இரண்டாவது வழி தீனி. நம் வீடுகளில் பெரிய தப்பு இங்கேதான். தாத்தா காலையில் ஒரு சிட்டிகை, அம்மா மத்தியானம் ஒரு சிட்டிகை, பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து ஒரு பிடி! மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று அர்த்தமில்லை; ஆளைக் கண்டால் வருவது அதன் பழக்கம். வீட்டில் ஒருவர் மட்டும் தீனி போடட்டும். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் போட வேண்டும். உறைந்த இறால் தீனி என்றால் உருக வைத்து, டீ வடிகட்டியில் போட்டு அலசி, அந்தச் சாற்றைக் கீழே கொட்டிவிட்டுப் போடுங்கள். மீனின் எண்ணிக்கையும் அளவாக இருக்கட்டும்.

மூன்றாவது வெளிச்சம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி வேண்டாம். விளக்குக்கு டைமர் போட்டு தினமும் சுமார் 8 மணி நேரம் எரிய விடுங்கள். ஆனால் விளக்கை மட்டும் குறைத்துப் பாசியை ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. இருட்டில் பவளமும் பட்டினி கிடக்கும்.

இரண்டாவது: கழிவு வெளியேற வேண்டும்

உள்ளே போட்ட தீனி மீனின் கழிவாகி, அது அம்மோனியா ஆகி, நுண்ணுயிர்களால் நைட்ரேட் ஆகிறது. அதற்குமேல் அது தானாக எளிதில் போகாது. நாம்தான் வெளியேற்ற வேண்டும்.

கடற்கரையில் அலை அடிக்கும் இடத்தில் நுரை ஒதுங்குமே, அதே தத்துவத்தில் வேலை செய்கிறது ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’. அழுக்கு நைட்ரேட் ஆவதற்கு முன்பே நுரையில் ஒட்டி வெளியே வந்துவிடும். ஃபில்டரில் இருக்கும் பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அலசுங்கள். அழுக்குப் பஞ்சை மாதக்கணக்கில் விட்டால் அதுவே உரத் தொட்டி. வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அப்போது மணலில் படிந்ததையும் சேர்த்து உறிஞ்சி எடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் தண்ணீர் இறைப்பார்கள். பவளத் தொட்டியில் அது கூடவே கூடாது. கைப் பம்ப் வைத்த குழாய் கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இனி நம் நண்பன் கீட்டோமார்ஃபா. தொட்டிக்குக் கீழே தனி அறை ஒன்றில் இந்தப் பாசியை வைத்து, அதற்கு ஒரு விளக்கும் போடுகிறார்கள். மேலே முளைக்க வேண்டிய பாசியின் பங்கு உரத்தை இது கீழே தின்றுவிடும். வளர்ந்ததில் ஒரு பிடியை அவ்வப்போது எடுத்து வெளியே போட்டால், அத்தனை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியே போன கணக்கு. முள்ளை முள்ளால் எடுக்கிற வைத்தியம்! இந்த அறை விளக்கை மேல் விளக்கு அணைந்த பிறகு, இரவில் எரிய விடுவது நல்லது. இரவில் தொட்டியில் கரியமில வாயு கூடித் தண்ணீரின் காரத்தன்மை இறங்கும். கீழே வெளிச்சத்தில் இருக்கிற பாசி அந்த வாயுவை எடுத்துக்கொள்வதால் இறக்கம் குறையும்.

பாஸ்பேட்டை இழுக்கும் இரும்புத் துகள்களும் விற்கிறார்கள். கொஞ்சமாகப் போட்டு ஆரம்பியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் உறிஞ்சினால் பவளம் வெளுத்துவிடும். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் நின்றால் போதும். சைபர் வேண்டாம். பவளமும் உயிர்தானே, அதற்கும் கொஞ்சம் வேண்டும்.

மூன்றாவது: மேய்கிறவர்கள்

டர்போ நத்தை, ட்ரோகஸ் நத்தை, கடல் முள்ளெலி எல்லாம் கல்லைச் சுத்தமாக மேயும். குமிழ்ப் பாசிக்கு மரகத நண்டு என்று ஒன்று இருக்கிறது. ‘டாங்’ என்கிற மீன்கள் நன்றாக மேயும், ஆனால் அவற்றுக்கு நீந்தப் பெரிய தொட்டி வேண்டும். சின்னத் தொட்டியில் அடைப்பது பாவம்.

நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் மீனின் இனமும் பாசி தின்பதில் கெட்டி. ஆனால் அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. வலை போடும்போது குத்தினால் கடுமையாக வலிக்கும். கை தாங்குகிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். சூட்டை இன்னொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்; குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேய்கிறவை வந்துவிட்டன என்று கையால் பறிப்பதை நிறுத்தாதீர்கள். நீளமாக வளர்ந்த பாசியை அவை தின்பதில்லை. நாம் பறித்துக் குட்டையாக்கினால், புதுத் துளிரை அவை பார்த்துக்கொள்ளும்.

மருந்து ஊற்றலாமா?

“சித்த மருந்துல பக்க விளைவு இல்லியே, வேப்பெண்ணெய் ஊத்தலாமா? மஞ்சள் தூள்? படிகாரம்?” என்று கேட்கிறார்கள். எதையும் ஊற்றாதீர்கள். மனுஷ உடம்புக்கு அளந்து கொடுக்கிற மருந்து, தொட்டித் தண்ணீருக்கு மருந்தாகாது.

அதிலும் துருசு என்கிற மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், பாசியைக் கொல்லும் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொல்லும்தான்! கூடவே நத்தை, நண்டு, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். ஆறாத புண்ணுக்குப் போடும் மத்தன் தைலத்தில் துருசு சேர்க்கிறோம். அது வெளிப்பூச்சு, அளவோடு, பக்குவத்தோடு. தொட்டியில் போட்டால் செம்பு கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு, நாள்பட்டும் கசிந்துகொண்டே இருக்கும்.

பிரையாப்சிஸுக்கு ஃப்ளுகோனசோல் மாத்திரை போடுகிற வழக்கம் தொட்டிக்காரர்களிடையே இருக்கிறது. அது மனிதர்களின் பூஞ்சை நோய்க்கான மருந்து. மருந்துக்கு அடங்காத பூஞ்சை நோய் ஏற்கெனவே பெருகிவரும் நேரத்தில், அந்த மருந்துத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை ஒரு வைத்தியனாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தவிர, பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் அது வைத்திருந்த உரம் முழுதும் மறுபடியும் தண்ணீருக்குத்தான் வரும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் இன்னொரு பாசி அந்த இடத்தைப் பிடிக்கும்.

ஆறாத புண்ணா? தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்!

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வலது கை நடுவிரலில் சிவந்த கட்டி. இரண்டு மாதமாக ஆறவில்லை. ஆன்டிபயாடிக் இரண்டு தடவை சாப்பிட்டும் கேட்கவில்லை. அதோடு முன்கையில் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக இரண்டு மூன்று சின்னக் கட்டிகள். சர்க்கரை நோய் இல்லை. “வீட்டில் மீன் தொட்டி இருக்கா சார்?” என்று கேட்டேன். “இருக்கு. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

சம்பந்தம் உண்டு. ‘மைக்கோபாக்டீரியம் மரைனம்’ என்று ஒரு கிருமி. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும். கல்லைச் சுரண்டும்போது விரலில் சிராய்ப்பு பட்டால் உள்ளே போய்விடும். இரண்டு மூன்று வாரமோ, சில சமயம் மாதங்களோ கழித்துத்தான் கட்டி தெரியும். அதற்குள் சிராய்ப்பு பட்டதே மறந்துபோயிருக்கும். சாதாரண மருந்துக்கு இது கேட்காது. தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். சதை எடுத்துப் பரிசோதித்ததில் அதேதான். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார்.

அதனால் பாசி பறிக்கும்போது முழங்கை வரை ரப்பர் கையுறை போடுங்கள். கண்ணாடி அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். கை விடும் முன் மோட்டார், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டி சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கழுவாதீர்கள்.

பறித்த பாசி எங்கே போகிறது?

காலர்ப்பா இனத்தில் ஒரு வகை, 1984-ல் மொனாக்கோவில் கடல் அருங்காட்சியகத்தின் அடிவாரக் கடலில் சின்னத் திட்டாகக் காணப்பட்டது. தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த பாசி அது. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. 2000-ல் அதே பாசி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தலைகாட்ட, தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

நம் மன்னார் வளைகுடாவிலும் பாடம் இருக்கிறது. தொழிலுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எனவே பறித்த பாசியைக் கடலிலோ, கால்வாயிலோ, சாக்கடையிலோ போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். கடைப் பாசியை, ‘நம்ம வீட்டில் கடல்பாசி காய்ச்சுவோமே’ என்று சாப்பிடவும் வேண்டாம்.

இன்னொன்று. ‘ராமேஸ்வரத்துக் கல், அசல் பவளம்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நம் கடலின் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். பவளத்தைப் பற்பமாக்கி மருந்தாகக் கொடுக்கும் மரபில் வந்த நானே சொல்கிறேன்: கடலில் இருப்பது கடலில் இருக்கட்டும்.

எத்தனை நாளில் குணமாகும்?

அவசரக்காரர்களுக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒத்துவராது. பல மாதமாகக் கல்லில் ஏறியிருக்கும் பாஸ்பேட், நாம் பத்தியம் ஆரம்பித்த பிறகும் மெல்ல மெல்லக் கசியும். முதல் மாதம் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். பறித்த இடத்தில் பாசி முன்பைவிடத் தாமதமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் வைத்தியம் பலிக்கிறது என்று அர்த்தம். மூன்று நாலு மாதத்தில், பாசி இருந்த கல்லில் இளஞ்சிவப்பு நிறத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு படலம் வரும். அதுவும் ஒரு பாசிதான். ஆனால் அது நல்ல பாசி; அதைச் சுரண்டிவிடாதீர்கள்!

தீனி போடும் ஒருவர், வாரம் ஒரு தண்ணீர் மாற்றம், வாரம் ஒரு பறிப்பு, கையில் கையுறை. இந்த நாலும் வீட்டில் வழக்கமாகிவிட்டால், அடுப்பில் கல்லை வைக்கும் யோசனையே யாருக்கும் வராது.